முப்பத்திரண்டும் முப்பத்தாறும்

சைக்கிள் ரிம் கட்டைச் சுற்றியிருந்த சணலை அறுத்துவிட்டு, ஒன்றை உருவி முட்டிமேல் வைத்துக்கொண்டு அவன் துளைகளை எண்ணினான். கட்டைவிரலை வால்வுத் துளையில் வைத்துக்கொண்டு அங்கிருந்து எண்ணுவது பழக்கம். இல்லாவிட்டால் எங்கே ஆரம்பித்தோம் என்பது மறந்து மறுபடி ஒரு சுற்று எண்ணவேண்டியிருக்கும். முப்பத்தாறு. சொன்னபடிதான் அனுப்பியிருக்கிறார்கள். எதிர் பெஞ்சில் மாமா தலையைத் தூக்காமல் ஒரு பழைய ஹப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் பார்க்கவில்லை. பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி இருப்பதில் மாமா கெட்டிக்காரர்.

மாமா என்றால் அக்காவின் கணவர். அக்கா கல்யாணம் முடிந்த கையோடு மாமாவும் இவனும் சேர்ந்து திறந்த சைக்கிள் கடை இது. அன்றிலிருந்தே பாகப்பிரிவினை தெளிவு. சக்கரத்தின் நடுவில் உட்காரும் ஹப், அதன் பேரிங், கிரீஸ் எல்லாம் மாமாவின் ராஜ்ஜியம். ரிம், கம்பி, கம்பிகளை முறுக்கிச் சக்கரத்தின் கோட்டம் எடுப்பது எல்லாம் இவனுடையது. இரண்டு ராஜ்ஜியத்துக்கும் நடுவே ஒரே ஒரு சட்டம்தான்: ஹப்பில் எத்தனை துளையோ, ரிம்மிலும் அத்தனை துளை. ஒவ்வொரு துளையிலிருந்தும் ஒரு கம்பி கிளம்பி எதிரில் ஒரு துளையில் போய் உட்காரவேண்டும். கம்பெனி வேறாக இருக்கலாம், நிறம் வேறாக இருக்கலாம், எண்ணிக்கை மட்டும் மாறக்கூடாது.

அந்த எண்ணிக்கை எவ்வளவு என்பதில்தான் வம்பே. பாரம் ஏற்றுகிற வண்டிக்கு முப்பத்தாறு கம்பி இல்லாமல் சரிப்படாது என்பார் மாமா. ஒழுங்காகக் கட்டினால் முப்பத்திரண்டே மலையைத் தாங்கும், சக்கரம் லேசாக இருப்பதால் மிதிக்கிறவன் முட்டியும் நம்மை வாழ்த்தும் என்பான் இவன். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பதில் இரண்டு பேரும் சளைத்தவர்கள் இல்லை. டீ வரும்வரை கத்துவார்கள், டீ வந்ததும் யாராவது ஒருவர் இறங்கி வருவார், பிறகு இருவருமாக ஒரே எண்ணைச் சொல்லிச் சாமான் வாங்குவார்கள். இத்தனை வருஷம் அப்படித்தான் ஓடியது.

ரொட்டிக் கடை முதலாளி வந்த அன்று அது கெட்டது. வீடு வீடாக ரொட்டி கொண்டுபோகும் சைக்கிள்களுக்கெல்லாம் புதுச் சக்கரம் வேண்டும் என்றார். இவன் ஆசையாக முப்பத்திரண்டின் பெருமையை எடுத்துவிட, மாமா குறுக்கே வந்தார்.

"அவன் பேச்ச விடுங்க சார். அவன் கைவேலக்காரன். எது தாங்கும், எது தாங்காதுன்னு பாக்கறதெல்லாம் நான்தான்."

அடுத்தவர் முன்னால் சொன்னதுதான் சுருக்கென்று தைத்தது. முதலாளி படி இறங்கும்வரை பொறுத்திருந்து இவன் சொன்னான்: "சரி மாமா. உங்க ஹப்ப உங்களுக்குத் தோணுனபடி வாங்குங்க. என் ரிம்ம எனக்குத் தோணுனபடி வாங்கிக்கறேன்."

அதோடு பேச்சு நின்றது. கடை மட்டும் நடந்தது. பஞ்சர் ஒட்ட வந்தவரிடம், "அந்த ஸ்பேனர எதிர்ல இருக்கறவர்கிட்ட வாங்கிக் குடுங்க சார்" என்பான் இவன். அவர் இரண்டடி தூரத்துக்குத் தூது போய் வருவார். உண்மையைச் சொன்னால் முதலில் இது இவனுக்குக் கொஞ்சம் சுகமாகக்கூட இருந்தது. வேலை நேரத்தில் யாரும் குறை சொல்லவில்லை.

அக்கா இவன் வீட்டுக்கு வந்து சொன்ன பிறகுதான் அந்தச் சுகம் போனது.

"தெரு முக்குல ஒரு ரூம் வாடகைக்கு விடறாங்களாம்டா. உங்க மாமா போய்ப் பாத்துட்டு வந்திருக்கார். எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. பக்கத்து வீட்ல சொல்லித்தான் தெரியுது."

"எதுக்காம்?"

"ரூம் எதுக்குப் பாப்பாங்க? குடியிருக்கவா? ரெண்டு பேரும் தனித்தனியா கடை வச்சுக்கிட்டு, யாரு வீட்ல என்ன சமையல்னு நான் தூது சொல்லணும். விட்டுக்கொடுத்தவன் கெட்டுப்போனதில்லடா."

"அத அவர்கிட்ட சொல்லேன்."

"சொல்லிட்டுதான் வர்றேன்."

அக்கா போன பிறகு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. எதிர் பெஞ்சில் ஆளில்லாமல் கடையைத் திறப்பதை நினைத்துப் பார்த்தான். யாரிடம் கத்துவது? கட்டி முடித்த சக்கரத்தைச் சுழலவிட்டு யாரைப் பார்ப்பது? பயமாகவே இருந்தது. காலையில் ரிம் கடைக்குப் போன் போட்டு, வாய் கூசாமல் முப்பத்தாறு என்றான். மாமா ஜெயித்ததாகவே இருக்கட்டும்.

ரிம் வந்த அன்று மத்தியானமே ஹப் பெட்டியும் வந்தது. மாமா பிரித்துக்கொண்டிருக்கும்போது, இவன் ஒரு ரிம்மை எடுத்துக்கொண்டு போய் அவர் பெஞ்சுக்கு மேலே இருந்த ஆணியில் மாட்டினான். வாய் திறந்து சொல்ல வீம்பு விடவில்லை, கண்ணில் பட்டால் சரி. மாமா நிமிர்ந்தார். உதடு அசைய எண்ணினார். முகம் மலரும் என்று காத்திருந்தவனுக்கு அவர் விழித்த விழிப்பு புரியவில்லை. பெட்டியிலிருந்து ஒரு ஹப்பை எடுத்து இவன் கையில் வைத்தார்.

ஒரு பக்கம் பதினாறு துளை. திருப்பினால் மறுபக்கமும் பதினாறு.

"என்ன மாமா இது?"

"என்ன இதுன்னா? முப்பத்திரண்டு. நீதான நாள் பூரா முப்பத்திரண்டு முப்பத்திரண்டுன்னு உயிர வாங்குன?"

"நீங்க முப்பத்தாறு வாங்குவீங்கன்னுதான நான் அத வாங்குனேன்."

"என்னக் கேட்டியா?"

"நீங்க பேசுனாத்தான கேக்கறதுக்கு."

இரண்டு பேர் முகத்திலும் அசடு வழிந்தது. மாமா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"அன்னிக்கு அந்தாளு முன்னாடி அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது மாப்ள," என்றார் ஹப்பைப் பார்த்தபடி.

 இவன் கேட்க நினைத்ததைக் கேட்டுவிட்டான். "முக்குல ரூம் பாத்தீங்களாமே."

"பாத்தேன். நல்ல ரூமுதான். வெளிச்சமெல்லாம் இருக்கு." மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "ஒரு பெஞ்சுதான் போட முடியும். எனக்கு ஒத்து வராதுன்னுட்டேன்."

இவன் ஹப்பை அவரிடமே திருப்பிக் கொடுத்தான். 

அதோடு முடிந்திருந்தால் நல்ல குடும்பம். சாமான் ஒன்று திரும்பிப் போகவேண்டுமே, எது? "ஹப்ப அனுப்பிடலாம். நீங்க சொன்ன முப்பத்தாறே இருக்கட்டும்" என்றான் இவன். "ரிம்ம அனுப்பு. உன் முப்பத்திரண்டு போதும், நான் யோசிச்சுப் பாத்துட்டேன்" என்றார் மாமா. முப்பத்திரண்டு எப்படித் தாங்கும் என்று இவன் கேட்டான். ஒழுங்காகக் கட்டினால் மலையைத் தாங்கும் என்று மாமா பெஞ்சைத் தட்டினார். டீ வந்து ஆறியது. யாரும் இறங்கி வரவில்லை.

"சரி, காலைல பாப்போம்" என்று எழுந்த மாமா, கையில் இருந்த ஹப்பை ஆணியில் தொங்கிய ரிம்முக்கு நடுவே பிடித்துப் பார்த்தார். "நாலு ஓட்டைய சும்மா விட்டுட்டா நிக்குமா மாப்ள?"

"நிக்கும். ஒழுங்கா ஓடாது."

"ஓடவா சொன்னேன்?"

சாயங்காலம் அக்கா கடைக்கு வந்தபோது ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே சண்டைச் சத்தம் கேட்கிறதா என்று குனிந்து பார்த்தாள். யாரும் கேட்காத, யாருக்கும் விற்க முடியாத ஒரு சக்கரம் நொண்டி நொண்டிச் சுற்றிக்கொண்டிருந்தது. ஆளுக்கு ஒரு பக்கம் கம்பி முறுக்கும் சாவியைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் அதற்குக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.