சிவப்புச் செருப்பும் காலி டப்பாவும்

பஸ் டிப்போவில் அவரைக் கல்லுளி என்றுதான் கூப்பிடுவார்கள். இருபது வருடமாக பஸ் ஓட்டுகிறவர். ஒரு காலத்தில் அவர் வாயைத் திறந்தாலே டிப்போ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். மூன்று வருடத்துக்கு முன் மனச்சோர்வு வந்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். டாக்டர் கொடுத்த மாத்திரைதான் அவரை எழுப்பிக் குளிக்க வைத்து வேலைக்கு அனுப்பியது. அதன்மேல் பழி போட்டால் நாக்கு அழுகிவிடும். ஆனால் சிரிப்பும் அழுகையும் எங்கோ ஒதுங்கிக்கொண்டன. பட்டப்பெயர் அப்போது ஒட்டியதுதான்.

உடம்பு தேறியதும் டாக்டர், "நான் சொல்ற அளவுல கொஞ்சம் கொஞ்சமா நிறுத்தலாம்" என்றார். நம்ம ஆள் கேட்டாரா? ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாக விட்டுவிட்டார். மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை. புதன்கிழமை காலை வண்டியைக் கிளப்பி, பக்கக் கண்ணாடியைப் பார்க்கக் கண்ணைத் திருப்பினார். மண்டைக்குள் ஷாக் அடித்த மாதிரி சுளீர் என்றது. மறுபக்கம் திருப்பினார், மறுபடியும் சுளீர். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிப் போய், சாவியை சூப்பர்வைசர் மேஜைமேல் வைத்தார்.

"என்னால இன்னிக்கு ஓட்ட முடியாது தம்பி."

அந்த வாரம் அவர் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

டாக்டர் காய்ச்சி எடுத்துவிட்டார். மறுபடி மாத்திரை, அதை மாதக்கணக்கில் துளித்துளியாகக் குறைப்பது என்று ஏற்பாடு. "மருந்து குறையறப்போ தலைசுத்தல், இந்த ஷாக்கு, காரணமில்லாத அழுகை எல்லாம் வரலாம். பெரும்பாலும் வந்துட்டுப் போயிடும். ஆனா பழைய நோய் திரும்புதான்னும் நாம பாக்கணும். சந்தேகம்னா உடனே கூப்பிடுங்க." மாத்திரை முழுசாக நிற்கும்வரை ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது.

சூப்பர்வைசர் அவரைப் பயணிகள் தொலைத்த சாமான்களுக்குக் காவலாக உட்கார வைத்தார். குடைகள், மூக்குக் கண்ணாடிகள், யாரோ மறந்துவிட்டுப் போன ஒரு பல்செட். அவற்றின் நடுவே உட்கார்ந்து கல்லுளி கவலைப்பட்டது ஒன்றுக்காகத்தான்: திரும்ப டிரைவர் சீட்டுக்குப் போவோமா, இல்லை அந்தப் பழைய சுவருக்கே போய்விடுவோமா?

நாலாவது மாதம், மாத்திரையைக் குறைத்த மறுவாரம், ஒரு பெண் தன் சின்ன மகளோடு வந்தாள். குட்டி பஸ்ஸில் தொலைத்தது ஒற்றைச் செருப்பு, சிவப்பு, உள்ளங்கை அளவு. கல்லுளி தேடி எடுத்துக் கொடுத்தார். குட்டி அங்கேயே உட்கார்ந்து அதைப் போட்டுக்கொண்டு, தரையில் தட்டித் தட்டிப் பார்த்துச் சிரித்தது. அவ்வளவுதான். அவர்கள் வாசலைத் தாண்டியதும் நம்ம ஆள் தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தார். அழ அழப் பயமும் சேர்ந்துகொண்டது. பழையது வந்தேவிட்டது என்று நினைத்தார்.

சூப்பர்வைசர் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் டீச்சருக்குப் போன் போட்டார். டீச்சர்தான் கல்லுளியின் மனைவி. அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஓடி வந்தார்.

"அண்ணி, ஒரு மணி நேரமா அழறாரு."

"சாப்பிட்டாரா?"

"அவர் டப்பாவையும் முடிச்சு, என் டப்பாவையும் முடிச்சுட்டாரு. அழுதுகிட்டேதான்."

டீச்சர் குடைக் குவியல்மேல் பொத்தென்று உட்கார்ந்து சிரித்தார். மூன்று வருடத்துக்கு முன் இந்த மனுஷன் அழவே இல்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, அழக்கூடத் தெம்பில்லாமல் இருந்தார். ஆறிப்போன அந்தத் தட்டை டீச்சர் இன்னும் மறக்கவில்லை.

"என்னங்க, அப்ப உங்களுக்குப் பசியே எடுக்கல. இது வேற மாதிரி தெரியுது. ஆனா டாக்டரைக் கேட்டுடுவோம். உங்க வயித்தை மட்டும் நம்பி முடிவு பண்ண முடியாது."

"என் சாப்பாடு போச்சே அண்ணி" என்றார் சூப்பர்வைசர்.

கல்லுளி மூக்கை உறிஞ்சினார். "உப்பு கம்மியாத்தான் இருந்துச்சு தம்பி. என் கண்ணீர்தான் சரிக்கட்டுச்சு."

மூன்று வருடத்தில் அவர் அடித்த முதல் ஜோக் அது. மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் பல்செட் அலமாரியிலிருந்து விழுந்தது.

டாக்டர் எல்லாவற்றையும் விசாரித்து, இது மருந்து குறைவதால் வருவதுதான் என்று சொல்லி, அடுத்த குறைப்பை ஒரு மாதம் தள்ளி வைத்தார். குறைத்துக் குறைத்து மாத்திரை நின்றது. அதற்கும் பிறகு இரண்டு மாதம் பொறுத்துத்தான் வண்டி ஓட்டலாம் என்று கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை டீச்சர் முதல் சீட்டில் உட்கார்ந்திருந்தார். வழியனுப்ப சூப்பர்வைசர் பஸ் கதவருகே வந்து நின்றார். கல்லுளி எஞ்சினைக் கிளப்பி, இடது கண்ணாடியைப் பார்க்கக் கண்ணைத் திருப்பிவிட்டுக் காத்திருந்தார். ஒன்றுமில்லை. வலது பக்கம் திருப்பினார். கண்ணாடியில் டிப்போ தெரிந்தது, அவ்வளவுதான். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"முதல்ல தொடைங்க. அப்புறம் வண்டிய எடுங்க" என்றார் டீச்சர்.

கல்லுளி நன்றாகத் துடைத்துக்கொண்டார். "பசிக்குது" என்றார்.

கதவருகே நின்ற சூப்பர்வைசர், தன் சாப்பாட்டு டப்பாவை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.