சிரட்டையை எந்தப் பக்கம் வைப்பது

1

இது ஒரு பக்க அறிக்கையாக இருந்திருக்க வேண்டியது. கேட்டவள் றிஃப்னா. புத்தளம், மன்னார்ப் பக்கத்து வறண்ட காணிகளில் இரசாயனப் பசளையும் மருந்தும் அடிக்காமல் பயிர் செய்கிற சனங்களின் கூட்டு ஒன்று இருக்கிறது. அதற்கு நீளமான ஒரு பெயர் உண்டு. யாரும் அதைச் சொல்வதில்லை, "கூட்டு" என்பார்கள். றிஃப்னா அதன் இணைப்பாளர். வருடா வருடம் ஒரு சின்னப் புத்தகம் போடுகிறார்கள்.

"ராத்தா, ஒரு வெற்றிக்கதை எழுதித் தாங்க. ஒரு பக்கம் போதும். கடைசி மட்டும் நம்பிக்கையா முடியோணும்" என்றாள்.

நான், அவள் ராத்தா என்கிற அக்கா, சிறுகதை எழுதுகிறவள். நம்பிக்கையாக முடிகிற எதையும் நான் எழுதி நாளாகிறது. இருந்தும் தலையாட்டினேன். கேட்டு எழுதட்டும் என்று அறுபது பேர் இருக்கிற கூட்டின் வாட்ஸ்அப் குழுவில் என்னையும் சேர்த்துவிட்டாள். எழுத்துப் பழக்கம் குறைந்த ஆட்கள் என்பதால் அங்கே எல்லாம் குரல்பதிவுதான். அன்று பின்னேரமே பாலாவியிலிருந்து ஸக்கியா என்ற பெண்ணின் குரல் வந்தது, தன் பயற்றங்காய்ச் செடிகளைப் பற்றி.

"எங்கட பயித்தை இந்த முறையும் உப்புக்குத் தாக்குப் பிடிச்சிட்டு. சில ஆக்கள் இத உப்பு மண் எண்டு சொன்னவங்க. அவங்களுக்கும் கேக்கட்டும்."

சில ஆக்கள் என்றால் ஒரே ஓர் ஆள். அவளுடைய புருஷன் ஜப்பார். மன்னாரில் இருக்கிறார், அதே குழுவிலும் இருக்கிறார். இதை றிஃப்னா எனக்குச் சொன்ன நிமிடமே அறிக்கை செத்துப்போனது.

2

தொடக்கங்கள். வெட்டியதையும் விட்டுவைக்கிறேன், பாருங்கள்.

(அ) "உலர் வலயத்தில் சூழலுக்கிசைந்த வேளாண்மையைப் பரவலாக்குவதில் கூட்டுச் செயற்பாடுகளின் பங்கு அளப்பரிய —" கொட்டாவி வந்துவிட்டது. எனக்கே வந்தால் உங்களுக்கு வராதா?

(ஆ) "தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம் சனங்கள் மன்னாரை விட்டு விரட்டப்பட்டபோது, ஸக்கியாவின் குடும்பம் அந்த விதையை முந்தானையில் முடிந்துகொண்டு —" இல்லை. இதை எழுதினால் றிஃப்னா அழுவாள், புத்தகம் வாங்குகிறவர்களும் அழுவார்கள். ஆனால் நடக்கவில்லை. அன்றைக்கு அவர்கள் கொண்டுவந்தது உடுத்திருந்த உடுப்பு மட்டும். விதை வந்தது வெகுகாலம் கழித்து, எலுவன்குளத்திலிருந்து, ஒரு பேக்கரிப் பாண் பையில்.

(இ) "ஸக்கியா தன் புருஷனோடு தனியாகக் கதைப்பதில்லை. அறுபது பேருக்கு முன்னால்தான் கதைப்பாள்." இது பரவாயில்லை. இதிலிருந்தே போவோம்.

3

அவள் சின்னப் பிள்ளையாகப் புத்தளத்துக்கு வந்தவள். அகதி முகாமின் ஓலைக் கொட்டிலில் வளர்ந்து, தன்னைப் போலவே மன்னாரிலிருந்து வந்த ஜப்பாரைக் கட்டினாள். பாலாவியில் உப்பளத்துக்குப் பின்புறம் ஒரு துண்டுக் காணி கிடைத்தது. காய்ந்தால் மேலே வெள்ளை பூக்கிற நிலம். புல்லும் தயங்கித்தான் முளைக்கும்.

அதில் அவள் தென்னம் மட்டையைப் புதைத்தாள். கிளிசரியா இலையை வெட்டிப் பரப்பினாள். மாட்டெரு, வாழைத் தண்டு, அயலவர் வீட்டுக் குசினிக் கழிவு, எல்லாம் போட்டாள். செடிகளுக்கு நடுவே மண்பானைகளைக் கழுத்துவரை புதைத்துத் தண்ணீர் ஊற்றி வைத்தாள்; பானை கசிந்து வேருக்கு மட்டும் ஈரம் கொடுக்கும், உப்பு மேலே ஏறாது. கூட்டில் கற்ற வித்தை. பானை வாய்க்கு ஒரு தேங்காய்ச் சிரட்டை மூடி.

[சிரட்டை விஷயத்தில் கொஞ்சம் நில்லுங்கள், பிறகு தேவைப்படும். ஸக்கியா சிரட்டையை மல்லாத்தி வைப்பாள். அதன் குழியில் ஒரு மிடறு தண்ணீர் நிற்கும், குருவி குடிக்கும், குடித்த குருவி காயைக் கொத்தாது என்பது அவளுடைய கணக்கு. ஜப்பார் கவிழ்த்து வைப்பார். தூசி விழாது, எறும்பு சாகாது என்பது அவருடைய கணக்கு. ஒருவர் வைத்ததை மற்றவர் திருப்பி வைப்பது அந்த வீட்டில் தினப்படி நடந்த சண்டை. சிரித்துக்கொண்டே போட்ட சண்டை.]

யுத்தம் முடிந்து, பிள்ளைகள் கலியாணம் கட்டிப் போனபிறகு, ஜப்பாருக்கு மன்னாரில் காடு மூடிக் கிடந்த வாப்பாவின் காணி ஞாபகம் வந்துவிட்டது. போய் வெட்டித் துப்புரவாக்கத் தொடங்கினார். அவளையும் கூப்பிட்டார். கூப்பிட்ட விதம்தான் பிழை.

"இந்த உப்பு மண்ணக் கட்டிப்புடிச்சிட்டு இரிக்காம வா."

அந்த மண்ணிலிருந்து உப்பைக் கழுவ அவள் பட்ட பாட்டை அவர் பக்கத்திலேயே இருந்து பார்த்தவர். அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு பானைகளுக்கு ஊற்றப் போய்விட்டாள். அவர் பஸ் ஏறினார். அதற்குப் பிறகு தொலைபேசி எடுக்க இருவருக்கும் ரோசம் விடவில்லை.

4

ஜப்பாரை நான் முதலில் நம்பவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். கதைக்கு ஒரு கெட்ட ஆள் இருந்தால் எழுதுகிறவருக்கு வேலை லேசு. அவரை ஒரு முரடனாக எழுதிப் பார்த்தேன். "ஜப்பாரின் தடித்த குரல் —" என்று தொடங்கிவிட்டு, சரிபார்க்க றிஃப்னாவின் தொலைபேசியில் குழுவுக்கு அவர் போட்ட பழைய பதிவுகளைக் கேட்டேன்.

"அஸ்ஸலாமு அலைக்கும். வணக்கம். சகோதர சகோதரிகளே, ஆருக்கிட்டயாச்சும் உப்புத் தாங்குற பயித்தை விதை இருந்தா அறியத் தாங்க. இங்கயும் கிணறு கொஞ்சம் உவர்தான்."

தடித்த குரல் இல்லை. ஒவ்வொரு சொல்லையும் யோசித்துப் பேசுகிற, கொஞ்சம் வெட்கப்படுகிற குரல். அந்த விதை யாரிடம் இருக்கிறது என்று குழுவில் எல்லாருக்கும் தெரியும். பெண்சாதியிடம் கேட்க வாய் வராமல் அறுபது பேரிடம் கேட்கிறார் மனுஷன். இவரை வைத்து எப்படி ஒரு முரடனைச் செய்வது?

ஸக்கியா பதில் போடவில்லை. உடப்பு ஊர் வீரகத்திதான் போட்டார். கடற்கரை மணலில் தோட்டம் செய்கிறவர், வயதில் எல்லாருக்கும் அண்ணன். "தம்பி, போன போகம் பாலாவித் தங்கச்சிட்ட வாங்கி நட்டனான். என்னட்ட இருக்கு. வந்து புடுங்கிக்கொண்டு போம்."

"வந்து புடுங்கு" என்பதுதான் கூட்டின் முறை. விதையைத் தபாலில் அனுப்ப மாட்டார்கள். வேண்டியவர் கொடுப்பவரின் தோட்டத்துக்கே வந்து, செடியைப் பார்த்து, கொடுப்பவர் பக்கத்தில் நிற்க, காய்ந்த நெற்றைத் தன் கையால் பறிக்க வேண்டும். விளைந்த பிறகு, கொடுத்தவருக்கே திருப்பிக் கொடுக்கவும் கூடாது; மூன்றாவது ஆளுக்குத்தான் கொடுக்க வேண்டும். ஏன் என்று வீரகத்தியிடம் கேட்டேன்.

"திருப்பித் திருப்பி ரெண்டு வீட்டுக்குள்ளயே சுத்தினா, ஒரு வருசம் ரெண்டு இடத்திலயும் பூச்சி விழுந்தாச் சரி, விதை முடிஞ்சிது. ஊர் ஊராப் போனா எங்கயாவது தப்பும்" என்றார். பிறகு, கேட்காமலே சொன்னார்: "அதோட, அப்பத்தானே ஆளையாள் போய்ப் பாப்பம்."

5

ஜப்பார் குழுவில் அறிவித்தார்: "நாளைக்கு உடப்புக்கு வாறன், இன்ஷா அல்லாஹ்."

மன்னாரிலிருந்து உடப்புக்குப் போக, புத்தளத்தில் பஸ் மாறிப் பாலாவியைத் தாண்டித்தான் போக வேண்டும். ஸக்கியா அன்று காலையிலேயே தலைக்கு முக்காடிட்டுப் பாலாவிச் சந்தியில் போய் நின்றாள். பாண் வாங்க வந்ததாகக் கடைக்காரரிடம் சொன்னாள். கொழும்புப் பக்கம் போகிற ஒவ்வொரு பஸ்ஸின் ஜன்னலையும் பார்த்தாள். சீமெந்து லொறிகள் போயின. அவள் நினைத்தது இவ்வளவுதான்: அவர் இறங்க வேண்டாம், தான் கூப்பிடவும் வேண்டாம், முகத்தை ஒருமுறை பார்த்தால் போதும்.

வெயில் உச்சிக்கு ஏறியபோது பாணோடு வீட்டுக்குத் திரும்பினாள். தோட்டத்தில் எல்லாப் பானைகளும் நிரம்பியிருந்தன. எல்லாச் சிரட்டைகளும் கவிழ்ந்திருந்தன.

(இந்த இடத்தில் "ஸக்கியாவின் கண்களில் —" என்று ஒரு வாக்கியம் தொடங்கினேன். விட்டுவிட்டேன். அவள் என்னிடம் சொன்னதையே தருகிறேன்.)

"சந்திக்கு முந்தின பஸ் ஹோல்ட்டில இறங்கியிருக்காரு ராத்தா. நான் அங்க பஸ்ஸப் பாத்திட்டு நிக்கிறன், அவரு இஞ்ச தண்ணி ஊத்திட்டு நிக்கிறாரு. ரெண்டு பேரும் களவுல. எங்களப் போல மடையங்க உண்டா சொல்லுங்க."

அவர் பயித்தைச் செடியிலிருந்து ஒரு நெற்றைக்கூடப் பறிக்கவில்லை. கொடுக்கிறவள் பக்கத்தில் இல்லாமல் பறிக்கக்கூடாது என்பது முறை அல்லவா. தண்ணீரை ஊற்றிவிட்டு உடப்புக்குப் போய் வீரகத்தியிடம் விதை வாங்கிக்கொண்டு மன்னாருக்குப் போய்விட்டார்.

அந்தச் சிரட்டைகளை அவள் ஒரு கிழமைக்குத் திருப்பி வைக்கவில்லை. பார்க்கப் போனவர்கள் சொன்னார்கள்.

6

இப்போது நடப்பதற்கு வந்துவிட்டோம். நான் எழுத எழுதத்தான் இதுவும் நடக்கிறது. அடுத்து என்ன வருகிறது என்று எனக்குத் தெரியாது.

ஜப்பாரின் பயித்தை விளைந்து காய்ந்துவிட்டது. போன கிழமை பதிவு போட்டார். "அஸ்ஸலாமு அலைக்கும். வணக்கம். நெத்து நல்லாக் காஞ்சிருக்கி. வேணுமான ஆக்கள் வந்து புடுங்கலாம். மாரி மழை விழ முந்தி வந்தா நல்லம். நனைஞ்சா விதை பழுதாப் போயிரும்."

ஒருவரும் பதில் போடவில்லை.

வழக்கமாக இப்படி ஒரு பதிவு வந்தால் பாய்ந்து விழுவார்கள். றிஃப்னாவைக் கேட்டேன்.

"எலுவன்குளத்து ஆக்களுக்கு யானை மிதிச்சு ஒண்டும் மிஞ்சல்ல ராத்தா. மத்த இடங்களிலயும் நெத்து முடிஞ்சிது. அவங்களுக்குத்தான் முதல்ல விதை வேணும். ஆனா ஒருத்தரும் வாய் தொறக்கிறாங்க இல்ல. எல்லாரும் ஸக்கியாத்தாவுக்காக வழி விட்டுக்கிட்டு இரிக்காங்க."

முறைப்படி ஜப்பார் வீரகத்திக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது. ஸக்கியாவுக்குக் கொடுக்கலாம், அவள் மூன்றாவது ஆள். ஆனால் அவளே போய், அந்தக் காணியைப் பார்த்து, அவர் பக்கத்தில் நிற்க, தன் கையால் பறிக்க வேண்டும். அறுபது பேர், தங்கள் விதை நனைந்து போகலாம் என்று தெரிந்தும், வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிறார்கள். இப்படி ஒரு மௌனத்தை நான் எந்தக் கூட்டத்திலும் கண்டதில்லை.

பாலாவிக்குப் போனேன். ஸக்கியா பானைகளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். தெற்கே வானம் கறுத்திருந்தது.

"கதை எழுதுறீங்களாமே. அதில நான் போறனா?" என்று கேட்டாள்.

"போகோணும் எண்டு ஆசையா?"

வாளியைக் கீழே வைத்தாள். "அவரப் பாக்கோணும் போல இருக்கி ராத்தா. அவ்வளவுதான். சாப்பிடக்குள்ளயும் இருக்கி, தொழக்குள்ளயும் இருக்கி. ஆனா நான் போனா இந்தப் பானைகளுக்கு ஆரு ஊத்துற? மழை இண்டைக்கு நாளைக்கு எண்டு காட்டும், பெய்யாது. நாலு நாள் விட்டா உப்பு மேல வந்திரும். திரும்பி வந்து மறுபடியும் முதல்ல இருந்தா? அதுவுமில்லாம, போனா அங்கேயே நிண்டிருவனோ எண்டும் பயமா இருக்கி."

முடிவுகள் மூன்று வைத்திருந்தேன். அவளிடமே சொன்னேன். ஒன்று: ஜப்பார் விதையோடு வீடு திரும்புகிறார். "அவரு மரத்தக் கூட நட்டுட்டாரு அங்க, எப்பிடி வருவாரு" என்றாள். இரண்டு: எலுவன்குளத்து யாரோ பொறுக்க முடியாமல் போய்ப் பறித்துவிடுகிறார்கள். அதைக் கேட்டு அவள் முகம் விழுந்துவிட்டது. மூன்றாவதை நான் சொல்லவே இல்லை. மழை பெய்துவிடுகிற முடிவு அது.

7

இன்று காலை தொலைபேசி வந்தது. பின்னால் பஸ் இரைச்சல்.

"ராத்தா, பானைக்குத் தண்ணி ஊத்தத் தெரியுமா? ஒருநாள் விட்டு ஒருநாள்."

"தெரியும். எவ்வளவு நாளைக்கு?"

"தெரியல்ல."

"ஸக்கியா, சிரட்டைய எந்தப் பக்கம் வைக்கிற?"

"பஸ் வெளிக்கிட்டிட்டு ராத்தா, சத்தம் கேக்குதில்ல" என்றாள். அவ்வளவுதான்.

அவள் குழுவில் எதையும் போடவில்லை. வேறு யாரும் போடவில்லை. றிஃப்னா மட்டும் எனக்குத் தனியாகக் கேட்டிருந்தாள்: "நம்பிக்கையா முடியுதா ராத்தா?" ஸக்கியா மன்னாரில் போய் இறங்கியதை எழுதும் ஆசை எனக்கு இல்லாமல் இல்லை. காணி வாசலில் அவர் நிற்பதை, ஸலாம் சொல்ல இரண்டு பேருக்கும் குரல் வராததை, என்னால் ஒரே மூச்சில் எழுத முடியும். எழுத மாட்டேன். அது அவர்களுடைய காணி. நிலம் பார்க்காமல் நான் எதையும் பறிக்கக்கூடாது.

எனக்குத் தெரிந்தது இந்தத் தோட்டம் மட்டும். வாளியால் மொண்டு மொண்டு ஊற்றி முடித்துவிட்டேன், இடுப்பு கழன்றுவிட்டது. மழை இன்னும் வரவில்லை. என் வீட்டில் நான் வைத்ததைத் திருப்பி வைக்க இப்போது ஆளில்லை. அதனால்தானோ என்னவோ, இந்தச் சின்ன விஷயத்தில் எனக்குக் கை ஓடவில்லை.

அவள் தனியாகத் திரும்பி வந்து, கவிழ்ந்த சிரட்டைகளைக் கண்டால், அவர்தான் வந்துவிட்டாரென்று ஒரு கணம் ஓடிப் பார்ப்பாள். அதை நான் அவளுக்குச் செய்யக்கூடாது. மல்லாத்தி வைத்து, இரண்டு பேரும் சேர்ந்து வந்தால், அவர் முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொன்றாகக் கவிழ்ப்பார், அவள் பின்னாலேயே போய் நிமிர்த்துவாள். அவளே வராமல் போனால், எப்படி வைத்தாலும் ஒன்றுதான்.

பானைகள் எல்லாம் திறந்து கிடக்கின்றன, குருவிகள் வேலியில் வந்து உட்கார்ந்துவிட்டன. சிரட்டைகள் என் மடியில் இருக்கின்றன. நீங்கள் வந்து வையுங்கள்.