ஓட்டை இல்லாத ஃபோன்

ஃபோனில் காது வயர் மாட்டுகிற அந்தச் சின்ன ஓட்டையை இன்னும் யாராவது கேட்கிறார்களா என்று நிஸாரிடம் கேட்டுவிட்டால் போதும், வந்த வேலையை மறந்துவிட வேண்டியதுதான். அவ்வளவு பேசுவான். ஸ்ஃபாக்ஸ் நகரத்துப் பழைய கோட்டை வாசலுக்கு வெளியே, ஃபோன் கடைகளாகவே இருக்கிற சந்தில் நான்காவது கடை அவனுடையது. கேட்கிறார்கள், கேட்காமல் என்ன? மீன் ஏலக்கூடத்து ஆட்கள் கேட்கிறார்கள். ஈரக் கைக்கு வயர்தான் தோதாம். பரீட்சைக்குப் படிக்கிற பெண்கள் கேட்கிறார்கள். ஃபோனுக்குச் சார்ஜ் போடுவதே பெரும்பாடாக இருக்கிறது, இதில் காதுக்கு வேறு போட வேண்டுமா என்று டாக்ஸிக்காரர்கள் சண்டைக்கே வருகிறார்கள். கடையில் கண்ணாடி அலமாரியின் கீழ்த்தட்டு முழுக்க ஓட்டை வைத்த ஃபோன்தான். அவன் சட்டைப்பையிலிருந்தே ஒரு வெள்ளை வயர் எந்நேரமும் தொங்கும்.

இவ்வளவும் தெரிந்தவன்தான் பெற்ற தாயிடம், அந்த ஓட்டையெல்லாம் இப்போது வருவதே இல்லை என்று வாய் கூசாமல் பொய் சொன்னான்.

அவனுடைய உம்மா நஸீஹாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய் மூன்று வருடமாகிறது. திங்கள், புதன், வெள்ளி காலையில் டயாலிசிஸ் கிளினிக்கின் வேன் வந்து கூட்டிப்போகும். நான்கு மணி நேரம் மெஷினோடு கிடந்துவிட்டு மதியம் திரும்புவாள். இடது கையில் இரண்டு ஊசி குத்தியிருக்கும். அந்தக் கையை அசைக்கவே கூடாது. டிவியில் எந்தச் சேனல் என்று ஒருமுறை அடிதடியாகிப் போனதிலிருந்து, நர்ஸ் ரவ்தா டிவியைக் கழற்றிவிட்டு ஒரே சட்டம் போட்டிருந்தாள்: எதைக் கேட்பதானாலும் காதில் மாட்டிக்கொண்டு கேளுங்கள், வெளியே ஒரு சத்தம் வரக் கூடாது. நஸீஹாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பழைய ஃபோனில் பச்சைப் படத்தை அமுக்கினால் மகன் அனுப்பிய குரல் வரும் என்பது மட்டும் தெரியும். நிஸாரும் உம்மா மெஷினில் இருக்கிற நாளெல்லாம், கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து எதையாவது பேசி அனுப்புவான். அந்த விஷயத்தில் பையனைக் குறை சொல்வதற்கில்லை.

அவளுக்கு வலப்பக்க நாற்காலி திஜானி என்பவருடையது. கெர்கென்னா தீவுக்குப் போகிற படகில் முப்பது வருடம் டிக்கெட் கிழித்தவர். சர்க்கரை முதலில் கண்ணைத் தின்றது, பிறகு சிறுநீரகத்தைத் தின்றது. அவருக்கு ஊசி குத்துவது வலது கையில். ஆக, அவளுடைய சும்மா இருக்கிற கையும் அவருடைய சும்மா இருக்கிற கையும் பக்கத்துப் பக்கத்தில். அவர் வைத்திருந்தது பொத்தான் ஃபோன். ஒருநாள் பொழுது போகாமல் அவர் படுகிற பாட்டைப் பார்த்து நஸீஹா தன் வயரின் ஒரு முனையை அவர் கையில் கொடுத்தாள். அன்றிலிருந்து ஒரு முனை இவள் காதில், ஒரு முனை அவர் காதில். அவள் "அண்ணே" என்பாள், அவர் "தங்கச்சி" என்பார். வார்டில் பதினோரு பேரும் பார்க்கத்தான் பார்த்தார்கள், யாருக்கும் எதுவும் தப்பாகப் படவில்லை.

தப்பாகப் பட்டது கிளினிக் வேன் ஓட்டுகிற ஹம்மாதிக்கு. தப்பாகப் பட்டது என்றுகூடச் சொல்ல முடியாது, அவனுக்கு வாய் அரிப்பு. நிஸார் வழக்கமாகக் காப்பி குடிக்கிற கடையில், நாலு பேர் இருக்கும்போது சொன்னான்.

"என்ன மாப்ள, உங்க உம்மாவுக்குத் துணை கெடச்சிருச்சு போல? ரெண்டு பேரும் ஒரே கயித்துல கட்டின மாதிரி உக்காந்திருக்காங்க. கல்யாணச் சாப்பாடு எப்போ?"

எல்லோரும் சிரித்தார்கள். நிஸாரும் சிரித்தான். சிரிக்காமல் எழுந்து வந்திருக்கலாம், ஹம்மாதியின் காப்பியை அவன் மடியிலேயே கொட்டியிருக்கலாம். இவன் சிரித்துத் தொலைத்தான். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் முதுகு எரிந்தது. வாப்பா இறந்து ஒன்பது வருடம். இத்தனை வருடத்தில் உம்மாவைப் பற்றித் தெருவில் ஒரு சொல் வந்ததில்லை. சிரித்த தன் மேல் வர வேண்டிய கோபம் எப்படியோ அந்த வயரின் மேல் போய் விழுந்தது.

உம்மாவிடம் நேராகக் கேட்க அவனுக்குத் தைரியம் இல்லை. என்னவென்று கேட்பது? அடுத்த வாரமே ஓட்டை இல்லாத புது ஃபோன் ஒன்றையும், ஒரு சின்ன டப்பாவுக்குள் வயரில்லாத காது மாட்டிகள் இரண்டையும் கொண்டுவந்து, பெரிய பாசக்காரன் மாதிரி அவள் மடியில் வைத்தான். பழைய ஃபோன் பேட்டரி வீங்கிவிட்டது, வெடித்துவிடும் என்று சொல்லி எடுத்துக்கொண்டான். அவள் புது ஃபோனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வயர் எங்கடா மாட்டுறது?"

"அந்த ஓட்டையெல்லாம் இப்ப வர்றதே இல்ல உம்மா. யாருமே கேக்குறதும் இல்ல. இது ரெண்டையும் காதுல வச்சுக்கிட்டா போதும். ஆனா ஒண்ணு, அடுத்தவங்க காதுல வைக்கக் குடுத்துடாதீங்க. உங்க உடம்பு இருக்கிற இருப்புக்கு ஏதாவது ஒட்டிக்கிச்சுன்னா அவ்வளவுதான்."

நோயாளித் தாயை நோயைச் சொல்லியே பயமுறுத்தினான், பாவி. நஸீஹா அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சரி என்று டப்பாவைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். விஷயம் சத்தமில்லாமல் முடிந்ததென்று அவன் நிம்மதியாகத் தூங்கினான். இரண்டு மாதம் போயிற்று. அவன் வழக்கம்போலக் குரல் அனுப்பிக்கொண்டிருந்தான், அவள் வழக்கம்போல வீட்டுக்கு வந்து, நல்லா இருந்துச்சு என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு புதன்கிழமை வேன் பழுதாகி நின்றுவிட்டது. வந்து உங்கள் உம்மாவைக் கூட்டிப்போங்கள் என்று கிளினிக்கிலிருந்து தகவல் வர, நிஸார் கடையை அடைத்துவிட்டுப் போனான். போன அவசரத்தில் ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிட்டான். இந்த மூன்று வருடத்தில் வாசலோடு திரும்பியவன்தானே தவிர வார்டுக்குள் காலெடுத்து வைத்ததில்லை. ரத்தம் ஓடுகிற குழாயைப் பார்க்க முடியாதாம். ரவ்தா இரண்டு நிமிஷம்தான் என்று சொல்லி உள்ளே விட்டாள்.

உள்ளே மெஷின்களின் முனகல் தவிர ஒரு சத்தம் இல்லை. எல்லோரும் எதையாவது கேட்டுக்கொண்டோ தூங்கிக்கொண்டோ இருந்தார்கள். உம்மா மட்டும் கண்ணைத் திறந்தபடி கூரையைப் பார்த்துக் கிடந்தாள். காதில் ஒன்றும் இல்லை. டப்பா மடியில் மூடிக் கிடந்தது.

"ஏன் உம்மா சும்மா படுத்திருக்கீங்க? காதுல மாட்டலையா?"

அவள் வாயைத் திறக்குமுன் ரவ்தா முந்திக்கொண்டாள். ஒற்றைக் கையால் அந்த டப்பாவைத் திறந்து பார்க்கச் சொன்னாள் அவனை. முதல் நாள் தானே திறந்து மாட்டிவிட்டதாகவும், கொஞ்சம் தலையைத் திருப்பியதும் ஒன்று கழன்று விழுந்து மெஷினுக்கு அடியில் உருண்டதாகவும் சொன்னாள், ஊசி குத்தின கையோடு உங்கள் உம்மாவால் குனிய முடியுமா என்று கேட்டாள். வயர் என்றால் விழுந்தாலும் கழுத்தில் தொங்கும், இழுத்து மாட்டிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு நஸீஹா அந்த டப்பாவைத் திறக்கவே சொல்லவில்லையாம். ஆக, இரண்டு மாதமாக வாரத்துக்கு மூன்று நாள், நான்கு நான்கு மணி நேரம் உம்மா கூரையைப் பார்த்துக் கிடந்திருக்கிறாள். நாள் முழுக்க ஃபோன் விற்கிறவனுக்கு இது தோன்றியிருக்க வேண்டும். இது தனக்குத் தோன்றவே இல்லை என்று முனகினான்.

பக்கத்து நாற்காலியிலிருந்த பெரியவர் சட்டென்று தலையைத் திருப்பினார்.

"இரு இரு. இந்தக் குரல் எனக்குத் தெரியுமே. நிஸார்தானே?"

நிஸார் தலையாட்டினான். பார்வை இல்லாதவருக்குத் தலையாட்டி என்ன பயன்? உம்மாதான், ஆமாம் அண்ணே, அவன்தான் என்றாள்.

திஜானியின் முகம் மலர்ந்துபோயிற்று. அவனுக்கு அவனையே சொல்லிக்காட்ட ஆரம்பித்தார். வயரின் முனையைக் கொண்டுபோய் சிம் ஊசி குத்துகிற துளையில் சொருகப் பார்த்த மாப்பிள்ளையைப் பற்றிச் சொன்னார். ஃபோனைத் தர்பூசணி மாதிரி தட்டிப் பார்த்து வாங்கின ஒலிவ எண்ணெய் வியாபாரியை, நிஸார் செய்த அதே குரலில் செய்துகாட்டினார். எதிர் வரிசையில் ஒரு அம்மா போர்வைக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். எல்லாம் நிஸார் உம்மாவுக்குப் பேசி அனுப்பியவை. அந்த வயரின் இரண்டு முனையிலும் இத்தனை நாளும் ஓடிக்கொண்டிருந்தது அவனுடைய குரல்தான்.

"உங்க உம்மா ஒரு கதைய மூணு தடவ போடுவாங்க. என் பிள்ளை, என் பிள்ளைன்னு அவங்களுக்கு அவ்வளவு பெருமை. நானும் இன்னொரு தடவ போடு தங்கச்சிம்பேன். இப்பத்தான் ரெண்டு மாசமா ஒண்ணும் இல்லாம காஞ்சு கெடக்குறோம். சரி, நீ கடைக்காரன், நீயே சொல்லு. ஓட்டை வச்ச ஃபோனே இப்ப வர்றதில்லையாமே? நெசமாவா?"

நிஸாரின் சட்டைப்பையிலிருந்து வெள்ளை வயர் தொங்கிக்கொண்டிருந்தது. ரவ்தா அதைப் பார்த்தாள். போர்வைக்குள் சிரித்த அம்மா அதைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். உம்மாவும் பார்த்தாள், அவள் அதைத் தினமும்தான் பார்க்கிறாள். அந்த வார்டில் அதைப் பார்க்காத ஒரே ஆள் திஜானி.

"ஆமாண்ணே, வர்றதில்லையாம். நாந்தான் சொன்னேனே," என்றாள் உம்மா.

மகனுக்காக அவள் பொய் சொல்கிறாள் என்பது கண் தெரிந்த அத்தனை பேருக்கும் புரிந்தது. நிஸாரால் தாங்க முடியவில்லை. மனசாட்சி குத்திற்று என்று அவன் நினைத்தான். எனக்கென்னவோ, பத்துப் பேர் பார்வையிலிருந்து தப்பிக்கத்தான் செய்தான் என்று படுகிறது. பையிலிருந்து ஃபோனை எடுத்து, வயரைப் பிடுங்கி, திஜானியின் இடது கையில் வைத்தான்.

"வருது மாமா. நாந்தான் பொய் சொன்னேன்."

திஜானியின் விரல் ஃபோனின் ஓரத்தில் மெதுவாக ஊர்ந்து, ஓட்டைக்கு வந்ததும் நின்றது. அதைத் தடவினார்.

"அட, இருக்கே," என்றார் சந்தோஷமாக. பிறகு, "அப்புறம் ஏம்ப்பா வர்றதில்லேன்னு சொன்னே?"

நிஸார் பேசாமல் நிற்க நிற்க, பெரியவரின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. முப்பது வருடம் படகில் ஆட்களைப் பார்த்தவர், யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. காது மடல் வரைக்கும் சிவந்துபோனார். ஃபோனை நிஸாரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, இடது கையை நஸீஹாவின் நாற்காலிப் பக்கமிருந்து எடுத்து, தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டார்.

"ரவ்தாம்மா, ஜன்னல் பக்கம் ஒரு இடம் காலியா இருக்குன்னு சொன்னியே," என்றார். "அடுத்த தடவ என்னை அங்க போட்டுடு. இங்க ஏசி நேரா அடிக்குது."

இதற்காகத்தான் உம்மா இரண்டு மாதமாக அவரிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தாள். அவரை என்னவாக நினைத்துவிட்டார்கள் என்பது அவர் காதுக்குப் போய்விடக் கூடாதென்று. அது நிஸாருக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஹம்மாதி சொன்னதை எங்கிட்டயும் சொன்னான்டா," என்றாள் உம்மா, தணிந்த குரலில். "நீ கூடச் சேந்து சிரிச்சேன்னும் சொன்னான்."

"உம்மா..." என்று அவன் ஏதோ ஆரம்பித்தான்.

"இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. ஃபோனையும் வயரையும் வச்சுட்டு வெளிய போய் நில்லு."

நடைபாதைக் கதவில் ஒரு கண்ணாடிச் சதுரம் உண்டு. அதன் வழியாகப் பார்த்தான். ரவ்தா வயரைச் சொருகி, அவன் பேசிய எதையோ தேடிப் போட்டுக்கொடுத்தாள். உம்மா ஒரு முனையைத் தன் காதில் வைத்துக்கொண்டு, ஏதோ சொல்லியபடி இன்னொரு முனையைப் பக்கத்து நாற்காலிக்கு நீட்டினாள். திஜானி வயிற்றின் மேலிருந்து கையை எடுக்காமல், தலையை மட்டும் இல்லை என்று ஆட்டினார். நெற்றியைச் சுருக்கிக் காட்டியதைப் பார்த்தால் தலை வலிக்கிறது என்று சொல்லியிருப்பார்.

உம்மா நீட்டிய கையை உடனே மடக்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு, அந்த முனையைத் தன் மடியில் விட்டாள். நிஸார் பெஞ்சில் போய் உட்கார்ந்தான். எங்கே அவன் கதை வேடிக்கையாகும் என்று அவனுக்குத் தெரியும், எந்த நிமிஷத்தில் சிரிப்பு வரும் என்றும் தெரியும். அந்த ஒரு மணி நேரமும் கதவுப் பக்கமே காதை வைத்துக்கொண்டிருந்தான். உள்ளே யாரும் சிரிக்கவில்லை.