காணாமல் போன ஸ்பாஞ்ச்

தையல் கடை வாசலை ஒரே ஒரு தடவைதான் தோண்டுவோம் என்று அவள் தன் அக்காள் புருஷனிடம் அடித்துச் சொல்லியிருந்தாள். சுற்றுவட்டார ஊர்களுக்குக் குடிநீர்க் குழாய் பதிக்கும் வேலையில் இந்த ஊருக்கு அவள்தான் மேற்பார்வையாளர். பள்ளம் வெட்டிய அன்று பறந்த புழுதி, அத்தான் தைத்து மாட்டியிருந்த வெள்ளைச் சட்டைகளையெல்லாம் காக்கியாக்கிவிட்டது. அவர் அத்தனையையும் கழற்றி வாளியில் ஊறப்போட்டார். "இன்னொரு தடவ தோண்டினா இவரு நம்ம ரெண்டு பேரையும் சேத்து ஊறப்போட்டுடுவாருடி" என்றாள் அக்கா. அதற்குப் பயந்து கொடுத்த வாக்கு அது.

பள்ளத்தை மூடி, வாசலுக்குச் சிமென்ட் பூசியும் கொடுத்தாயிற்று. மிச்சம் இருந்தது குழாயைக் கழுவுவது மட்டும். ஆற்றோரப் பம்ப் அறையில் ஒரு பெரிய ஸ்பாஞ்ச் உருண்டையைக் குழாய்க்குள் திணித்துப் பின்னாலிருந்து தண்ணீர் விட்டால், அது உள்ளே கிடக்கும் மண்ணையெல்லாம் தள்ளிக்கொண்டு வந்து ஊர்க்கோடியில் திறந்திருக்கும் குழாய் வாயில் விழும். பிறகுதான் வீடுகளுக்கு இணைப்பு.

அன்று காலை தண்ணீர் வந்தது. கூட்டம் கைதட்டியது. ஸ்பாஞ்ச் மட்டும் வரவில்லை.

"அதான் தண்ணி வந்துடுச்சே, மச்சினி. அந்தப் பஞ்சு எதுக்கு, தலைக்கு வெச்சுப் படுக்கவா?" என்றார் அத்தான்.

"உள்ளயே கிடந்தா குழாய அடைச்சுக்கும், அத்தான்."

குழாய் பதித்த ஒப்பந்தக்காரர் யோசிக்கவே இல்லை. "வளைவுலதான் மாட்டியிருக்கும். எப்பவும் அங்கதான் மாட்டும். உடைச்சுப் பாத்துருங்க."

வளைவு இருந்தது, சற்றுத் தள்ளித் தெரிந்த தையல் கடை வாசலுக்கு நேர் கீழே.

மண் தோண்டும் இயந்திரம் உறுமிக்கொண்டு வந்தபோது, அத்தான் நாற்காலியை எடுத்து வந்து புதுச் சிமென்ட்டின் நடுவில் போட்டு உட்கார்ந்திருந்தார். "தோண்டுங்க. நாற்காலியோட சேத்துத் தோண்டுங்க. மச்சினி கையால போறதுக்கும் கொடுத்து வெச்சிருக்கணும்."

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். வளைவை இணைக்கும்போது பக்கத்தில் நின்றவள் அவள்தான். எதையாவது கவனிக்காமல் விட்டுவிட்டோமோ? பார்வையைக் குழாய் வாய்க்குத் திருப்பினாள். தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. நடுவில் ஸ்பாஞ்ச் மாட்டியிருந்தால் இவ்வளவு வேகம் எங்கிருந்து வரும்? அது பாதி தூரமாவது நகர்ந்திருந்தால் முதலில் சேறல்லவா கொட்டியிருக்க வேண்டும்?

"ஒரு நிமிஷம் வண்டிய நிறுத்துங்க" என்று சொல்லிவிட்டுப் பம்ப் ஆபரேட்டருக்குப் போன் போட்டாள். எதிலும் நிதானம் கிடையாது என்பதால் அவருக்கு 'நிதானம்' என்றே பெயர்.

"அண்ணே, எந்த வால்வத் திறந்தீங்க?"

"எதுன்னா... கைக்குக் கிட்ட இருந்தத. ஏம்மா?"

"பஞ்சுக்குப் பின்னாடி இருக்கறதா, பக்கத்துல சுத்திப் போறதா?"

போனில் செருப்புச் சத்தம் போய், திரும்பி வந்தது. குரல் இறங்கியிருந்தது. "அம்மாடி... பஞ்சு இங்கதாம்மா உக்காந்திருக்கு. நகரவே இல்ல."

பம்ப் அறையின் பக்கக் குழாய் வழியாகத் தண்ணீர் ஸ்பாஞ்சைச் சுற்றிக்கொண்டு தனியாக ஊருக்கு வந்திருக்கிறது!

வால்வை மாற்றித் திறந்தார்கள். சிறிது நேரத்தில் குழாய் பெருமூச்சு விட்டது, சீறியது, சேறு கக்கியது. கடைசியில் கரேலென்று ஓர் உருண்டை பீரங்கிக் குண்டு மாதிரி பாய்ந்து, ஒப்பந்தக்காரரின் காலடியில் போய் விழுந்தது. அவர் துள்ளிய துள்ளலுக்குத்தான் அன்று பெரிய கைதட்டல்.

அத்தான் எழுந்து வந்து உருண்டையை ஒரு குச்சியால் குத்திப் பார்த்தார். "இந்தச் சேத்தையா குடிக்கப் பாத்தோம்? சரி, நம்ம வீட்டு இணைப்புக்கு எப்போ ஆள் வரும்?"

வீடு கடைக்குப் பின்னாலேயே இருந்தது; இணைப்பு என்றால் கடை வாசலில் சின்னதாக ஒரு பள்ளம் வேண்டும். அவள் புதுச் சிமென்ட்டைப் பார்த்தாள். அத்தானின் முகத்தைப் பார்த்தாள்.

"நாளைக்கே வரும், அத்தான். சந்து வழியா, பின்பக்கமா கொண்டு வந்துடறேன்."