கடிக்காத குட்டி

பூனைக்குட்டி விளையாட்டுக்குக் கடிப்பதைப் பெரிய குற்றமாக யாரும் எடுப்பதில்லை. ஆனால் றோசம்மாவின் கை, விடிந்ததிலிருந்து மத்தியானம் வரை யாகப்பர் சம்மாட்டியின் கருவாட்டு வாடியில் மீனைப் பிளந்து உப்புத் தொட்டிக்குள் அமுக்குகிற கை. ஊசிமுனை அளவு கீறல் போதும், உப்பு உள்ளே இறங்கி உச்சந்தலை வரைக்கும் எரியும்.

எரிவை அவள் பொறுத்துக்கொண்டாள். சம்மாட்டியார்தான் பொறுக்கவில்லை. புண்பட்ட கை தொட்டிக்குள் போனால் கருவாடு புழுப் பிடிக்கும் என்பது அந்தக் கரையின் நம்பிக்கை. காலையில் பெண்களை வாடி வாசலில் நிறுத்தி, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார். அந்த வெள்ளிக்கிழமை றோசம்மாவின் விரல்களில் ஏழு பல்லடையாளங்கள் இருந்தன.

"பூனைக்குட்டி கடிச்சதோ? வெட்கமில்லையோடி உனக்கு? திங்கட்கிழமை கை ஆறியிருந்தா வா. இல்லாட்டி வராத. கரையில வேற கையில்லையோ?"

பக்கத்தில் நின்ற பிரான்சிஸ்காவுக்கு வாய் சும்மா கிடக்காது. "அதுக்குச் சிங்கராசா எண்டு பேரை வையன். கடிச்சுப்போட்டு ஓடுறதில ரெண்டும் ஒண்டுதான்" என்றாள். வாடியே சிரித்தது. றோசம்மாவும் சிரித்தாள். சிரிக்காவிட்டால் இன்னும் சிரிப்பார்கள்.

சிங்கராசா அவளுடைய புருஷன். நெல் அரிவி வெட்டப் போகிறேன் என்று உயிலங்குளம் போனவன், அங்கேயே ஒருத்தியோடு குடியேறி இரண்டு வருடமாகிவிட்டது. அதன்பிறகு வீட்டில் அவளோடு இருந்த ஒரே உயிர் இந்தக் குட்டிதான். வந்து பத்து நாள்தான். அந்தப் பத்து நாளில்தான் அவள் தனிய இருந்தும் சத்தம் போட்டுச் சிரிக்கப் பழகியிருந்தாள். வேலையை விட்டால் சோறில்லை, குட்டியை விட்டால் வீடு பழையபடி சுடுகாடு.

குட்டியைக் கொடுத்தவள் எருக்கலம்பிட்டி உம்மு குல்சூம். வெள்ளிக்கு வெள்ளி கருவாடு வாங்க வாடிக்கு வருகிறவள். அன்றும் வந்திருந்தாள்.

"கையைக் குடுத்து விளையாடாத புள்ள. சீலைத் துண்டைக் கயித்தில கட்டி இழு. கடிச்சா ஒண்டும் பேசாம எழும்பிப் போ. விளையாட்டு முடிஞ்சுதெண்டு அதுக்கு விளங்கும். ஒரு மாசத்தில திருந்தும்."

"ஒரு மாசமோ ராத்தா? எனக்கு மூண்டு நாள்தான் கிடக்கு."

வீட்டுக்குப் போகும்போது றோசம்மா தொட்டியிலிருந்து ஒரு சிரட்டை உப்புத்தண்ணீர் மொண்டுகொண்டு போனாள். மீனும் இரத்தமும் ஊறிக் கறுத்த தண்ணீர்.

குட்டி வழக்கம்போல ஓடிவந்து விரலைக் கவ்வியது. றோசம்மா அதன் கழுத்தைப் பிடித்து முகத்தைச் சிரட்டைக்குள் அமுக்கினாள். எடுத்தாள். தும்மி, கண்ணை முன்னங்காலால் தேய்த்தது. மறுபடி விரலை நீட்டினாள். பாவம், விளையாட்டுத்தான் என்று நினைத்து மறுபடி கவ்வியது. பல் பதியுமுன் மறுபடி அமுக்கினாள். இந்த முறை மூன்று எண்ணும்வரை.

"கடிப்பியோ? கடிச்சுப்போட்டு ஓடுவியோ?"

அதைக் குட்டியிடம்தான் கேட்டாளா என்று அவளுக்கே தெரியாது. கேட்கக் கேட்க ஆத்திரம் கூடியது, கையில் பலமும் கூடியது. சொல்ல வெட்கமான விஷயம், அது அவளுக்குச் சுகமாகவும் இருந்தது. ஞாயிறு பூசைக்குப் போய் வந்து, கோயிற்சீலையைக்கூட மாற்றாமல் அதே வேலையைச் செய்தாள்.

ஞாயிறு பின்னேரம் விரலை நீட்டியபோது குட்டி கடிக்கவில்லை. நிலத்தோடு ஒட்டிப் படுத்து, கண்ணை இறுக்க மூடி, இருந்த இடத்திலேயே மூத்திரம் பெய்தது. "இப்ப பழகிட்டாய்" என்று றோசம்மா அதைத் தடவிக்கொடுத்தாள். திங்கட்கிழமை ஆறிய கையைக் காட்டி வேலைக்கும் போனாள்.

அன்று பின்னேரம் வெற்றிக்களிப்பில் நாலு சூடை மீன் கொண்டுவந்து வைத்தாள். குட்டி மீனை மணந்து பார்த்தது. மணந்ததும் பின்னுக்குப் போய்ச் சீலைப் பெட்டிக்கடியில் புகுந்தது. செவ்வாயும் அப்படித்தான். புதனும் அப்படித்தான். பாண் ரொட்டிக்குக்கூட ஊரே கியூ நின்ற பஞ்ச வருடம் அது. கூப்பன் அரிசி அவளுக்கே அரை வயிறு. பூனைக்குக் கொடுக்க அந்த வீட்டில் மீனை விட்டால் வேறொன்றும் இல்லை. பிடிவாதம் பிடிக்கிறது, பசித்தால் தின்னும் என்று இருந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை உம்மு குல்சூம் குட்டியைப் பார்க்க வீட்டுக்கே வந்தாள். பெட்டிக்கடியிலிருந்து எடுத்தபோது விலா எலும்பை எண்ணலாம்.

"அல்லாஹ்வே, என்ன செஞ்சாய் புள்ள?"

தேத்தண்ணீருக்கென்று கொண்டு வந்த ஆட்டுப்பாலை உள்ளங்கையில் ஊற்றிக் காட்டினாள். குட்டி நக்கியது. நக்கி முடித்து அவள் விரலை மெல்லக் கவ்வி, பின்னங்காலால் உதைத்தது. விளையாடுகிறது! றோசம்மா பொறாமையோடு நடந்ததையெல்லாம் கொட்டினாள்.

அவள் கதை முழுவதையும் கேட்டு உம்மு குல்சூம் சொன்னாள்: "உன்ட கை மீனா மணக்குது புள்ள. நீ அதுக்குள்ளேயே கிடக்கிறாய், உனக்குத் தெரியாது. மீனெண்டுதான் அது கடிச்சிருக்கு. நீ மீனையே அதுக்குப் பயங்காட்டி வச்சிருக்கிறாய். என்னட்டத் தா. பால் குடுத்து ஆளாக்கித் தாறன்."

றோசம்மா கையை மணந்து பார்த்தாள். ஒன்றும் மணக்கவில்லை.

"என்ட கை நாறுதெண்டோ சொல்லுறீங்கள்? ஒருத்தன் என்னை விட்டுப் போனதே போதும். இது ஒருத்தரோடயும் போகாது." குட்டியைப் பறித்தாள். அவள் கை பட்டதும் குட்டி உம்மு குல்சூமின் விரலை விட்டு, வாயை மூடி, துணிபோலத் தொங்கியது.

உம்மு குல்சூம் எழும்பினாள். மிச்சப் பாலைப் போத்தலோடு வைத்துவிட்டுப் போனாள். றோசம்மா அதை ஊற்ற ஏனம் தேடினாள். கைக்கு அகப்பட்டது அந்தச் சிரட்டைதான். சிரட்டையைக் கண்டதும் குட்டி பெட்டிக்கடியில் போனது. கெஞ்சிக் கூப்பிட்டாள். பிறகு ஏசிக் கூப்பிட்டாள். வரவில்லை. பாலையும் சிரட்டையையும் சேர்த்து முற்றத்தில் வீசினாள்.

ஞாயிறு காலை பெட்டியை நகர்த்தியபோது குட்டியின் மேல் எறும்பு மொய்த்திருந்தது. முகத்துக்கு நேரே அவள் தள்ளி வைத்த சூடை, வாய் படாமல் அப்படியே கிடந்தது. பனையடியில் புதைத்துவிட்டு வந்து, கையை மண்ணால் தேய்த்தாள், சவுக்காரம் போட்டாள், தேசிக்காய்ப் புளி பிழிந்தாள். மணந்து பார்த்தாள். அப்போதும் ஒன்றும் மணக்கவில்லை.

மறுநாள் வாடி வாசலில் சம்மாட்டியார் அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கை நல்ல வடிவாக் கிடக்கு. குட்டி இப்ப கடிக்கிறேல்லையோ?"

"இல்லைச் சம்மாட்டியார். கடிக்கிறேல்ல" என்றாள் றோசம்மா. முழங்கை வரைக்கும் தொட்டிக்குள் விட்டாள். எங்கேயும் எரியவில்லை.