முகம் திருப்பிக் குடித்தவன்

படத்தில் எல்லோரும் அழகாகச் சாகிறார்கள். முதல் சாவு மஞ்சள் மழைக்கோட்டில். இரண்டாவது மீன் தொட்டிக்குள். மூன்றாவது என் தம்பியுடையது.

தம்பி மன்சிக், பூசான் துறைமுகத்தில் ஒரு கும்பலுக்கு எடுபிடியாக இருந்தான். அண்ணே அண்ணே என்று யார் பின்னால் சுற்றினானோ, அந்தத் தலைவனே அவனைக் குத்திக் கொன்றான். அப்போது அவன் மகள் சோரின், தாய் வயிற்றில் இருந்தாள். பெற்றவள், குழந்தையின் நூறாம் நாள் விருந்து முடிந்ததும் போனவள்தான், திரும்பவில்லை. வளர்த்தது நான். அப்பா எங்கே என்று சோரின் கேட்டபோது, மீன்பிடிக் கப்பலில் போனவர் கடலோடு போய்விட்டார் என்றேன். ரவுடி மகள் என்று பள்ளிக்கூடத்தில் ஒருத்தரும் பேசிவிடக் கூடாதே. அந்தப் பொய்க்கு இப்போது இருபத்தைந்து வயது.

முந்தின வருடக் குளிர்காலத்தில், திரைக்கதை எழுதும் பியோன் என்பவர் என் விலாங்குமீன் கடைக்கு வாரம் மூன்று நாள் வந்து சாப்பிட்டார். சாப்பிட்டது கொஞ்சம், வாயைக் கிளறியது அதிகம். சொல்லித் தொலைத்தேன்.

மன்சிக் செத்த அன்றைக்கு, துறைமுகத்துச் சாப்பாட்டுக் கடை ஒன்றில், தலைவன் தன் கையாலேயே அவனுக்கு சோஜு சாராயம் ஊற்றிக் கொடுத்திருக்கிறான். பெரியவர்கள் ஊற்றினால் கோப்பையை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். அவர்கள் முகத்துக்கு நேரே குடிக்கக் கூடாது, பக்கவாட்டில் திரும்பிக்கொள்ள வேண்டும். மன்சிக் ஒன்றையும் விடவில்லை. இரண்டு கையும் கோப்பையில், முகம் சுவர்ப் பக்கம். கத்தி வந்ததை அவன் பார்க்கவே இல்லை. பரிமாறிக்கொண்டிருந்த கடைக்காரி பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொன்னாள். தாயில்லாப் பிள்ளைக்கு மரியாதை தெரியாது என்று யாரும் சொல்லக் கூடாதென்று, அந்தப் பழக்கத்தை அவனுக்கு அடித்துச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

"பேரை மாத்திடுவோம் அக்கா. ஆனா மரியாதையா காட்டுவோம்," என்றார் பியோன்.

நம்பினேன். என் வாயால் சொல்ல முடியாததைப் படம் சொல்லட்டும் என்று நினைத்தேன். மன்சிக் சாகும் காட்சி முடிந்ததும் சோரினின் கையைப் பிடித்து, "இதுதான் உன் அப்பா" என்று சொல்லிவிடுவதாக முடிவு செய்துகொண்டு, படம் வெளியானதும் மதியக் காட்சிக்கு அவளைக் கூட்டிப்போனேன்.

திரையில் மன்சிக்குக்கு மயில் போட்ட பட்டுச் சட்டை. நிஜத்தில் அவனிடம் இருந்தது முழங்கை தேய்ந்த சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. பின்னால் பழைய காதல் பாட்டு ஒன்று குழைகிறது. அவன் முகத்தைத் திருப்பி, கண்ணை மூடி, இளித்துக்கொண்டே உறிஞ்சுகிறான். கத்தி மெல்ல, மிக மெல்ல வருகிறது. மீன் தட்டில் இருந்த வெள்ளை முள்ளங்கித் துருவலில் சிவப்பு சொட்டுகிறது. ஒரு நொடி, எவ்வளவு அழகாக இருக்கிறது என்று நானே நினைத்தேன். அதற்கு என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். தலைவன் கத்தியைக் கீரை இலையில் துடைத்து, அதே இலையில் ஒரு மீன் துண்டை மடித்து வாயில் போட்டுக்கொண்டான்.

அரங்கமே சிரித்தது. எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தது என் பக்கத்தில் இருந்தவள்.

"அத்தை, அந்த லூசைப் பாரேன். கொல்ல வந்தவனுக்கே மரியாதை குடுத்துக்கிட்டு உக்காந்திருக்கு," என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு யார் யார் செத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. பியோனின் குடலை உருவி அடுப்பில் போட வேண்டும் போலிருந்தது. என்னை அதற்கும் முன்னால்.

கடைக்கு வந்து அடுப்பு மூட்டினேன். அன்றைக்கு விடுமுறை, நாங்கள் இருவர் மட்டும்தான். விலாங்கு வெந்துகொண்டிருந்தது. சோரின் அந்தக் காட்சியை நடித்துக் காட்டி மறுபடி சிரித்தாள். இனி எப்படிச் சொல்வது? நீ சிரித்தது உன் அப்பாவைப் பார்த்து என்று எந்த வாயால் சொல்வது? பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அவளுக்கு சோஜு ஊற்றினேன்.

அவள் கோப்பையை இரண்டு கையாலும் வாங்கினாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். நான் சொல்லிக் கொடுத்தபடியே.

"திரும்பாதடி," என்றேன். "என்னைப் பாத்துக் குடி."

"என்ன அத்தை, படத்தைப் பாத்துப் பயந்துட்டியா? நீதானே சின்ன வயசுல முதுகுல போட்டுப் போட்டுச் சொல்லிக் குடுத்த."

"அவனுக்கும் நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

"எவனுக்கு?"

"அந்த லூசுக்கு. அவன் இளிக்கல. மயில் சட்டையும் போடல. நீ பொறந்தா என்ன பேர் வைக்கலாம்னு அன்னைக்குக் காலையில என்கிட்ட கேட்டுட்டுப் போனான்."

விலாங்கு தீயும் வாடை வந்தது. நான் எழுந்து திருப்பிப் போடவில்லை. சோரினும் தன் முகத்தைச் சுவரிலிருந்து திருப்பவில்லை. குடிக்காத கோப்பை அவளுடைய இரண்டு கைகளிலும் அப்படியே இருந்தது.