நெஞ்சில் முளைத்த பல்

இதில் ஒரு எழுத்து பொய்யென்றாலும் என் பல்செட் டம்ளர் தண்ணீரிலேயே கரைந்து போகட்டும். சத்தியம்.

மூன்று வாரம் விடாமல் இருமியதில் எக்ஸ்ரே எடுத்தார்கள். நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்கு முன்னால், எலுமிச்சம்பழ அளவில் ஒரு நிழல்.

"கட்டி. அந்த இடத்துல பொல்லாததும் வரும், சாதுவானதும் வரும். எதுன்னு எக்ஸ்ரேக்குத் தெரியாது. சி.டி. ஸ்கேன் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார் டாக்டரம்மா.

அன்றிலிருந்து என் மனைவி என்னோடு சண்டை போடுவதை நிறுத்திவிட்டாள். நாற்பத்தொரு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. நான் உயில் எழுதக் காகிதம் தேடியதும் அப்போதுதான்.

ஸ்கேன் அறை ஐஸ்பெட்டி மாதிரி இருந்தது. டெக்னீஷியன் என்னை மல்லாக்கப் படுக்கவைத்து, கைகளைத் தலைக்கு மேலே நீட்டச் சொல்லி, ஊசியைப் பொருத்தினார்.

"மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடாகும் ஐயா. படுத்தபடியே ஒண்ணுக்குப் போயிட்ட மாதிரி இருக்கும். பயப்படாதீங்க, போயிருக்க மாட்டீங்க."

"போயிட்டேன்னா?"

"இதுவரைக்கும் யாரும் ஒத்துக்கிட்டதில்ல."

அவர் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போனார். மைக்கில் குரல் வந்தது: "மூச்சை நல்லா இழுங்க... அப்படியே பிடிங்க."

இழுத்தேன். பிடித்தேன். மேசை வளையத்துக்குள் போய் வெளியே வந்தது. அடுத்து "விடுங்க" என்று வர வேண்டும். வரவில்லை. திரையில் எதையோ பார்த்த டெக்னீஷியன் என்னை மறந்தார். மைக்கை அணைக்கவும் மறந்து, டாக்டரம்மாவைக் கூப்பிட்டார்.

"மேடம், இங்க வாங்களேன்! கட்டிக்குள்ள வட்டம் போட்டு அளந்தேன். தண்ணின்னா பூஜ்யம். இது மைனஸ் தொண்ணூறு காட்டுது."

"அப்ப கொழுப்பு. நல்ல சேதிதான். ஓரமும் நறுக்குனு இருக்கு, பக்கத்துல எதையும் அரிக்கல. அதென்ன நடுவுல வெள்ளையா?"

"எலும்பா?"

"இல்லப்பா... பல்லு மாதிரி இருக்கே!"

சொன்ன சொல்லை மீறுகிற ஆள் நான் இல்லை. பிடித்த மூச்சைப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டாம் மாடியிலிருந்து பல் டாக்டரை வரவழைத்தார்கள். லிஃப்ட் வேலை செய்யவில்லை, படியிறங்கித்தான் வந்தார். நிதானமாகப் பார்த்து, "கடைவாய்ப்பல். சொத்தை இல்ல. நல்லா விளக்கியிருக்காரு" என்று சான்றிதழ் கொடுத்தார். பிறகு மூவரும் டீ குடித்தார்கள். எனக்கு ஏலக்காய் வாசனை வரவில்லை, மூக்கு மூடியிருந்தது.

முப்பத்தெட்டாவது நிமிஷம் டெக்னீஷியன் தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ! ஐயா, மூச்சை விடுங்க!"

விட்டேன். கதவு திறந்துகொண்டது. தாழ்வாரத்தில் நர்ஸ் கையிலிருந்த காகிதங்கள் வாசல்வரை போய் வரிசையாக உட்கார்ந்தன. பெஞ்சில் என் மனைவி பக்கத்தில் சாத்தி வைத்திருந்த குடை தானாக விரிந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. என் துண்டின் நுனியைக் கடித்துக்கொண்டு கதவையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

டாக்டரம்மா என்னையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்து சிரித்தார். "சாதுவான கட்டிதாம்மா. பொறக்கறதுக்கு முன்னாடியே உள்ள தங்கிப்போன அணுக்கள். கொஞ்சம் கொழுப்பு, கொஞ்சம் தண்ணி, ஒரு பல்லு. ஆபரேஷன்ல எடுத்துட்டா தொல்லை விட்டுது."

மனைவி துண்டை வாயிலிருந்து எடுத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"உள்ள இருக்கறது கொழுப்புன்னு கல்யாணமான மறுநாளே நான் சொன்னேன், இதுக்கு ஒரு மெஷினா? வாயில இருந்த முப்பத்திரண்டையும் கொட்டிட்டு, எனக்குத் தெரியாம நெஞ்சுல ஒண்ணைப் பதுக்கி வெச்சிருக்கீங்களே, வேற என்னெல்லாங்க வெச்சிருக்கீங்க?"

பஸ் நிறுத்தம் வரைக்கும் திட்டினாள். பஸ்ஸில் உட்கார்ந்தும் திட்டினாள். டிரைவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "நீங்க ரோட்டைப் பாருங்க" என்று அவருக்கும் ஒன்று விழுந்தது. அவ்வளவு இனிமையான பிரயாணத்தை நான் செய்ததே இல்லை.

அடுத்த மாதம் கட்டியை எடுத்தார்கள். இருமல் போன இடம் தெரியவில்லை. சண்டை இன்றுவரை ஒருநாளும் தவறவில்லை.

ஸ்கேன் ரிப்போர்ட் இதோ என் முன்னால் இருக்கிறது: அதில் உள்ளது என் மனைவியின் பெயர், கட்டி அவளுக்குத்தான், துண்டைக் கடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தது நான்.